உடனடிக் காரணம்

அப்பா மறுபடியும் வாசல் கதவைத் திறந்து மூடினார்.

வாயில் பாதி வந்திருந்த வாக்கியம் போயே போயிற்று.

நாளைக் காலை வரலாறு. பள்ளிக்கூடத்தின் கடைசித் தேர்வு. மாதிரித் தேர்வில் மற்ற எல்லாப் பாடங்களிலும் தப்பித்து, இதில் மட்டும் மண்ணைக் கவ்வியிருந்தேன். நாளையும் கவ்வினால் கல்லூரி கிடையாது; அத்தையின் தையல் கடையில் பட்டன் தைக்க வேண்டியதுதான். அத்தை இப்போதே ஜன்னலோரமாக எனக்கொரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறாள்.

உலகப் போர்களைக் கரைத்துக் குடித்தாயிற்று. புரட்சிகளும் ஆயிற்று. நின்று தொலையாதது ஒரே ஒரு கட்டுரை: பழைய நூற்பாலை வேலைநிறுத்தம். நம் ஊரில் நடந்தது, இந்த வருடம் கட்டாயம் வரும் என்று டீச்சர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார். அதில் உடனடிக் காரணத்தை விட்டால் பாதி மார்க் போச்சு என்றும் சொல்லியிருந்தார்.

எனக்கு உட்கார்ந்தால் எதுவும் மண்டையில் ஏறாது. ஜன்னலிலிருந்து அலமாரி வரை நடப்பேன், அங்கிருந்து திரும்புவேன். முன்னுரை ஜன்னலில் தொடங்கும். காரணங்கள் அலமாரி வருவதற்குள் முடிய வேண்டும். விளைவுகளுக்கு ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் எழுத்தை எடுத்துக் கோத்து ஒரு மெட்டுப் போட்டு வைத்திருந்தேன். சூ, உ, மூ. துப்பாக்கிச் சூடு, உயிரிழப்பு, ஆலை மூடல். பாடினால் மறக்காது.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அதுதான் வினை. வெயில் நாளில் அப்பா பரம சாது. மழை பிடித்துவிட்டால் சைக்கிள் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்துவிடுவார். ஒரு கையில் எண்ணெய்க் குப்பி, இன்னொரு கையில் உப்புத்தாள். கதவு கதவாகத் திறந்து பார்ப்பார், ஓரத்தைத் தேய்ப்பார், மூடிப் பார்ப்பார். எங்கள் வீட்டில் எந்தக் கதவும் இறுகாது. குளியலறைக் கதவு ஊதினாலே திறந்துகொள்ளும். உள்ளே போனவர்கள் வெளியே வரும்வரை பாடிக்கொண்டே இருக்க வேண்டும்.

அம்மா இதற்கெல்லாம் ஒன்றும் சொல்ல மாட்டாள். எண்ணெய் தீர்ந்தால் வாங்கி வைப்பாள்.

ஜன்னலுக்குப் போய் முதலிலிருந்து ஆரம்பித்தேன். கூலிக் குறைப்பு. ஆட்குறைப்பு. பிந்தி வருபவர்களை உள்ளே விடக் கூடாது என்ற புதிய உத்தரவு. தடதடவென்று வந்தது. அலமாரியைத் தொட்டுத் திரும்பி, "உடனடிக் காரணம்" என்றேன்.

கதவு திறந்தது. மூடியது.

அப்போதுதான் உறைத்தது. நான் போர்களைச் சொன்னபோது அவர் பாட்டுக்குக் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். புரட்சிகளுக்கும் அப்படித்தான். இந்த இடம் வரும்போது மட்டும்தான் வாசலுக்குப் போகிறார்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"நாளைக்கு நான் ஃபெயிலானா அதுக்கு அந்தக் கதவுதாம்பா காரணம்."

அப்பா அப்படியே நின்றார். சமையலறையில் அம்மா குழாயை மூடியது கேட்டது.

நான் விடவில்லை. இந்தத் தடவை யார் என்ன உருட்டினாலும் நிறுத்துவதில்லை என்று புத்தகத்தைப் பிரித்து உரக்க வாசித்தேன். 'அன்று கடும் மழை. சற்றே பிந்தி வந்த தொழிலாளர்கள் வெளியே நிற்க, உத்தரவை நிறைவேற்றும் பொருட்டு ஆலையின் காவலாளி ஒருவர் வாயிற்கதவைப் பூட்டினார். இதுவே உடனடிக் காரணமாயிற்று.'

"பூட்டலம்மா" என்றார் அப்பா.

கதவைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

"மரக் கதவு. மழையில ஊறி இறுகிப்போச்சு. வெளிய அவங்க தள்ளுறாங்க, உள்ள நான் இழுக்குறேன். வரல."

சைக்கிள் கடைக்கு முன்னால் அவர் எங்கேயோ வேலை பார்த்தார் என்று தெரியும். எங்கே என்று நான் கேட்டதேயில்லை. கேட்கத் தோன்றியதுமில்லை.

கையில் புத்தகம் திறந்தே இருந்தது. அடுத்த பத்தி விளைவுகள். பென்சிலால் நான் வட்டம் போட்ட எழுத்துகள் வரிசையாக இருந்தன. மழை பிடித்ததிலிருந்து அந்த மெட்டை இவர் காதுபட எத்தனை தடவை பாடியிருப்பேன். வெட்கத்தில் எனக்குக் கண் கரித்தது.

அம்மா கை ஈரத்தைத் துடைத்தபடி வந்து நிலைப்படியருகே நின்றாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

வேறு யாரிடமும் சொன்னீர்களா, யாராவது கேட்டார்களா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அப்பா எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்துவிட்டு, வழக்கமான குரலில், "மொதல்லேருந்து சொல்லு. நான் கேக்குறேன்" என்றார்.

நடக்கவில்லை. நின்ற இடத்திலேயே சொன்னேன். முன்னுரை வந்தது. கூலியும் உத்தரவும் வந்தன. மழையும் வந்தது.

"ஆலையின் காவலாளி ஒருவர் வாயிற்கதவை..."

அடுத்த சொல் தெரியும். ஜென்மத்துக்கும் மறக்காது. ஆனால் வாய் வரவில்லை.

அப்பா சற்று நேரம் பொறுத்துப் பார்த்தார். நாளைக்குத் தேர்வு.

"பூட்டினார்" என்று அவரே எடுத்துக் கொடுத்தார்.