சடைமேல் சத்தியம்

“சத்தியம் பண்ணுங்க அண்ணி. சடை இருந்தா பண்ணுங்க” என்றான் எபர்வின் பிரபு, லிண்டன் மரத்தடியில் கூடியிருந்த வழக்குமன்றம் முழுக்கக் கேட்கும்படி.

அவன் ஆட்கள் சிரித்தார்கள்.

எங்கள் சீமாட்டி ஹைல்விக் முக்காட்டோடு நின்றாள்; பணிப்பெண் நான் அவள் பின்னால்.

எங்கள் சுவாபியாவில் திருமணத்துக்கு மறுநாள் காலையில் கணவன் மனைவிக்கு ஒரு சொத்தைக் கொடுப்பான். காலைக்கொடை. மற்ற சொத்துக்கெல்லாம் சாட்சி வேண்டும், முத்திரை வேண்டும். இதற்கு ஒன்றும் வேண்டாம். விதவை தன் சடையை மார்பில் போட்டு, அதன்மேல் கை வைத்து, ‘எனக்குத் தந்தது’ என்றால் போதும். எந்தப் பிரபுவும் அதை மறுக்க முடியாது.

அருமையான ஏற்பாடு. பெண்ணின் சொல்லை நம்பாத ஆண்கள் அவள் முடியை நம்பினார்கள்.

அதனால்தான், போன மாதம் எங்கள் சீமாட்டி காய்ச்சலில் நினைவின்றிக் கிடந்தபோது, எபர்வின் நாவிதனை அனுப்பினான். தலையை மழித்தால் சூடு இறங்குமாம். சடை அடுப்புக்குள் போனது.

செத்துப்போன கணவன் அவளுக்குத் தந்தது ஒரு திராட்சைத் தோட்டமும் அதற்குள் ஒரு வீடும். கிடைத்தால் தன் பாட்டுக்கு இருப்பாள். கிடைக்காவிட்டால், கொழுந்தன் ஏற்கெனவே பேசி வைத்திருக்கிற பல்லில்லாத கோமகனுக்கு மனைவி.

முதல் தடவையும் பேசித்தான் கொடுத்தார்கள். ஒரு பாலத்துக்காக இரண்டு குடும்பங்கள் வெட்டிக்கொண்டன. சமாதானத்துக்கு ஒன்பது வயதுப் பெண்ணை நிச்சயம் செய்தார்கள். பாலம் அடுத்த வெள்ளத்திலேயே போய்விட்டது.

ஹைல்விக் முக்காட்டுக்குள் கைவிட்டு, ஒரு சடையை முன்னால் எடுத்துப் போட்டாள்.

தடித்த சடை. வைக்கோல் நிறம்.

சிரிப்பு நின்றது.

‘மழிக்கச் சொன்னது நான்தான்’ என்று எபர்வின் எப்படிச் சொல்வான்? அவளுடைய அண்ணன்மார் இடுப்பில் வாளோடு எதிரிலேயே நின்றிருந்தார்கள். அதனால், அது அவள் முடியே இல்லை என்று மட்டும் கத்தினான்.

நடுவர் தாடியைச் சொறிந்தார்.

“அப்படியா பிரபு? அப்ப உங்க அண்ணி முடி என்ன நிறம், சொல்லுங்க.”

எபர்வின் வாயைத் திறந்தான். பக்கத்தில் நின்ற தன் சித்தப்பாவைப் பார்த்தான். சித்தப்பா தன் காலணியைப் பார்த்தார். ஆட்கள் அத்தனை பேரும் தத்தம் காலணியைப் பார்த்தார்கள்.

கறுப்பு. அவள் முடி நல்ல கறுப்பு. திருமணத்தன்று தேவாலய வாசலில் அதை விரித்துப் போட்டுக்கொண்டுதான் நின்றாள். இவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள், சீதன வண்டிகளைப் பார்த்தபடி.

ஹைல்விக் சடைமேல் கையை வைத்து, தெளிவாக, அவசரப்படாமல் சத்தியம் செய்தாள்.

மரத்தடியில் காற்று வீசியது. நான் என் முக்காட்டை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். வெறும் பிடரி இவ்வளவு குளிரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.