மிச்சமான போல்ட்

"மறுபடியும் ஒரு போல்ட் மிச்சம்!" ஸ்பேனரை கார் ஷெட் தரையில் விட்டெறிந்தான் கணவன். "மூணாவது தடவை! பெருக்குறேன்னு என் போல்ட் தட்டுல கையை வெச்சியா?"

"உங்க இன்ஜின் பக்கமே நான் வரலை. ஒண்ணுதானே, விட்டுட்டு ஓட்டுங்களேன்," என்றாள் மனைவி.

"அறிவிருக்கா? இது டர்போ இன்ஜின். ஒரு போல்ட் விட்டுப்போனாலும் மொத்தமும் சிதறிடும். முழுசாக் கழட்டிப் பூட்டணும். இன்னும் ஒரு வாரம் போச்சு!" கத்திக்கொண்டே கழற்ற ஆரம்பித்தான்.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மாவுக்கட்டுப் போட்ட கையால் டப்பாவை அணைத்துக்கொண்டு, மறு கையால் திறந்தாள். ஹார்டுவேர் கடையில் வாங்கிய அதே அளவு போல்ட்டுகள். ஒரு டஜனில் இன்னும் ஒன்பது இருந்தன.

"நூத்தி அறுபது கிலோமீட்டர் வேகத்துல போய் என் கையை ஒடச்சீங்கல்ல?" பல்லைக் கடித்தாள். "கழட்டுங்க. நல்லாக் கழட்டுங்க."