ஞாயிறு பதினோரு மணி வேலை

குழாய் ரிப்பேர் கம்பெனி முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. ஆறு மாதத்துக்கு முன்பு, கம்பெனி வேலை, சொந்த வேலை என்று வாராவாரம் வருவதையெல்லாம் தன் கையாலேயே சாஃப்ட்வேரில் ஏற்றியிருந்தார். அதன்பின் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளும் தொல்லையே அவருக்கு இல்லை.

இன்று ஒரு கணக்கு மட்டும் உதைத்தது. ஞாயிறு டூட்டி பிளம்பரைக் கூப்பிட்டார்.

"வாராவாரம் ஒரே வீட்டுல ஒரு மணி நேரம்! அங்க என்னய்யா அப்படித் தீராத ஒழுகல்?"

"ஒழுகலே இல்ல சார். உக்காந்து பேசிட்டு வரணும், அதான் வேலைன்னு போட்டிருக்கு."

"பேசுறதுக்கு ஒரு ஆளா? எந்தப் புத்திசாலி இதை ஏத்தினது?"

பிளம்பர் தயங்கித் தயங்கி போனை நீட்டினார்.

ஏற்றியவர்: முதலாளி. வாடிக்கையாளர்: அம்மா. போக வேண்டியவர் என்ற கட்டம் காலி. காலியாக விட்டால், சும்மா இருக்கும் ஆளை சாஃப்ட்வேரே அனுப்பிவிடும்.

கீழே ஐந்து நட்சத்திரங்களோடு அம்மாவின் கருத்தும் இருந்தது:

"தம்பி தங்கமானவர். இனியும் இவரையே அனுப்பவும். முதலாளி சிரமப்பட வேண்டாம்."