கப்பல் ஏறும் காளை

"மாட்டைப் பார்த்தா மாடு தெரியும். காகிதத்தைப் பார்த்தா என்ன தெரியும்? இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கண்ணு எதுக்குன்னே புரியல!"

குபாங் துறைமுகத்தில், கப்பலுக்குள் மாடு ஏற்றும் பலகையின் கீழ்முனையில் நின்று கத்தினார் மேசாக் கிழவர். வாய் நிறைய வெற்றிலை. கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் காளை ராஜா.

எதிரே, கையில் பரிசோதனைக் காகிதத்தோடு கால்நடை டாக்டர் எண்டாங். ஜாவாவிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று நாள்தான் ஆகிறது.

"பெரியவரே, இதுக்கு ஒரு கண்ணுல பூ விழுந்திருக்கு. பின்னங்கால் நொண்டுது. ஜகார்த்தா போய்ச் சேர அஞ்சு நாள். அலையில விழுந்தா மத்த மாடுங்க மிதிச்சே கொன்னுடும். ஏறக் கூடாது."

"அவன் ஏறுவான்."

"பாவம்னு தோணலையா உங்களுக்கு?"

"எனக்கா? இவனுக்குச் சவுண்டல் தழை போட்டுட்டுத்தான் நான் வாயில சோளம் வைக்கிறேன். நீ என்னம்மா வளர்த்த, பூனையா?"

சுற்றி நின்ற கூலியாட்கள் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை.

"ஓரமா நில்லுங்க. மத்ததை ஏத்துங்கப்பா."

அறுபது மாடுகள். முதல் மாடு பலகையில் குளம்பை வைத்தது. இடுக்கில் கடல் தெரிந்ததும் மிரண்டு பின்வாங்கியது. பின்னால் நின்றவை ஒன்றையொன்று இடித்துத் திமிறின. ஒருவன் வாலை முறுக்கினான். இன்னொருவன் தடியை ஓங்கினான்.

"அடிக்காதீங்க! அடிச்சா கப்பலையே நிறுத்திடுவேன்!"

ஒரு மணி நேரமாயிற்று. ஒரு மாடுகூட ஏறவில்லை, வெயில்தான் ஏறியது. மாடுகள் வாயில் நுரை தள்ளி மூச்சிரைத்தன. டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

மேசாக் வெற்றிலையைத் துப்பினார். யாரையும் கேட்காமல் ராஜாவைப் பலகையில் நடத்தினார்.

"ஐயா! மேல போனாலும் விட மாட்டேன். திரும்ப இறக்கிடுவேன்!"

"இறக்கிக்கோ."

ராஜா நொண்டி நொண்டி ஏறியது. அதன் வாலைப் பார்த்தபடி ஒரு மாடு ஏறியது. அடுத்து இன்னொன்று. பிறகு வரிசையாக அறுபதும் ஏறின. ஒன்றின் மேலும் தடி படவில்லை.

கடைசி மாட்டுக்குப் பின்னால் கோபமாக ஓடிய டாக்டர், பாதிப் பலகையிலேயே நின்றாள். எதிரே கிழவர் இறங்கி வந்தார். பின்னால் ராஜா.

"இப்பவாவது புத்தி வந்துச்சா? இறக்கிட்டீங்களே!"

"எப்பவும் இறக்குறதுதான். பதினோரு வருஷமா இவன் வேலையே மத்ததுங்களை அடிபடாம மேல கொண்டுபோய் விட்டுட்டு வீட்டுக்குத் திரும்புறதுதான். கடலைத் தாண்டப் போறான்னு உனக்கு எவன் சொன்னான்?"

காகிதக்காரர்களுக்கு இது புரியப் போவதில்லை என்று முணுமுணுத்தபடி, ராஜாவோடு நடந்தார் கிழவர்.