புகார் எண் 214

"அவன் ரஷ்யாவுல இருக்கான் தங்கச்சி. எத்தன தடவ சொல்றது? நான் அவன் அண்ணன், எனக்குத் தெரியாதா?"

கல்பாக் தொப்பியைக்கூடக் கழற்றாமல் குடும்ப நீதிமன்றத்தின் பதிவு ஜன்னலுக்குள் தலையை நீட்டிக்கொண்டிருந்தார் வந்தவர். உள்ளே இருந்த பதிவு எழுத்தர் சைகால் மேஜைமேல் கிடந்த உறையைத் திருப்பிப் பார்த்தாள். கெங்கேஷ் என்பவருக்கு நீதிமன்றம் அனுப்பிய அழைப்பாணை. மூன்று தடவை போய், மூன்று தடவையும் 'ஊரில் இல்லை, ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய்விட்டார்' என்ற குறிப்போடு திரும்பியிருந்தது.

வழக்குப் போட்டவள் கெங்கேஷின் மனைவி ஜிப்பார். ரொட்டிக்கடையில் வேலை. விவாகரத்தும் நாலு வயது மகளும் வேண்டும் என்று கேட்டிருந்தாள். மகள் இருப்பது மாமியார் வீட்டில். ஐந்து மாதமாக அந்த வீட்டு வாசற்கதவு அவளுக்குத் திறக்கவில்லை. திங்கள்தோறும் மாவு ஒட்டிய கோட்டோடு இந்த ஜன்னலுக்கு வந்து, "ஆள் கெடைச்சாராக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

அழைப்பாணையை ஆளிடம் நேரில் நீட்டிவிட்டால் போதும். வாங்க மறுத்தாலும் வாங்கிய கணக்குதான். ஆனால் ஆள் வேண்டுமே. இன்று மாலைக்குள் கிடைக்காவிட்டால் நாளை நீதிபதி வழக்கை நிறுத்தி வைத்துவிடுவார். மகள் இருக்கிற இடத்திலேயே இருப்பாள்.

நிறுத்தி வைப்பது உறுதிதானா என்று கேட்கத்தான் வந்தவர் வந்திருந்தார். சைகால் தன்மையாகவே பதில் சொன்னாள். தம்பியின் ரஷ்ய முகவரியைக் கேட்டாள். அவன் ஒரு இடத்தில் தங்குவதில்லை, கட்டட வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே போவான் என்றார் அவர்.

"கொழந்தைக்கு என்ன தங்கச்சி கொற? நேத்து ராத்திரிகூட என் மீசையப் புடிச்சுக்கிட்டே தூங்குச்சு. அம்மான்னு ஒரு வார்த்த கேக்கல."

சைகாலின் பேனா நின்றது. அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பேனாவை மூடி வைத்தாள்.

"ஏண்ணே, பொண்டாட்டி எழுதின ஒரு தாளுக்குப் பயந்து நாடு விட்டு நாடு ஓடுறவன் எல்லாம் ஒரு ஆம்பளையா?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வந்தவருக்குக் காதுவரை சிவந்துவிட்டது.

"யாரப் பாத்துடி பேசுற?"

"உங்க தம்பியச் சொன்னேன். உங்களையா சொன்னேன்?"

அதற்கு மேல் அவர் பேசியது எல்லாம் எழுதத் தக்கதல்ல. இந்த நாற்காலியில் நாளை நீ இருக்க மாட்டாய் என்று முடித்தார். சைகால் மாடிப்படியைக் கை காட்டினாள்.

"கோர்ட்டுத் தலைவர் மாடியில இருக்கார். வாயால கத்துனா கேக்க மாட்டார், எழுதிக் குடுக்கணும். பாஸ்போர்ட் வேணும். போன வாரம் ஒருத்தர் இப்படித்தான் குதிச்சாரு. எழுதச் சொன்னதும் ஆளக் காணோம்."

அவர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார்.

பக்கத்து மேஜை அனார் தலையில் கை வைத்துக்கொண்டாள். மூன்று வருடம் தற்காலிகமாக இருந்து போன மாதம்தான் சைகாலின் வேலை நிரந்தரமாகியிருந்தது. "பைத்தியமாடி உனக்கு? அந்தாளு நெசமாவே எழுதிக் குடுத்துருவான்."

"குடுக்கட்டும்க்கா. அவரு பாதியில மனசு மாறாம இருக்கணும்."

அரை மணி நேரத்தில் தலைவரின் செயலாளர் பெண்மணி இறங்கி வந்தாள். கையில் ஒரு பக்கப் புகார், பின்னால் பாஸ்போர்ட் நகல். எந்தத் தாளும் சைகாலின் பதிவேட்டில் எண் வாங்காமல் தலைவர் மேஜைக்குப் போகாது. சைகாலைப் பற்றிய புகாருக்கும் அதே விதிதான். "உனக்கு நேரம் சரியில்லம்மா" என்று தாளை வைத்தாள் செயலாளர்.

வந்தவர் அவள் பின்னாலேயே ஓடி வந்தார். தொப்பி இப்போது கையில் இருந்தது.

"அது தலைவருக்கு எழுதுனது. இவ எதுக்குப் பாக்குறா?"

"எண் போடாம எப்படிண்ணே அவர்கிட்ட போகும்?" என்றாள் சைகால்.

ஒழுக்கமில்லாதவள், திமிர் பிடித்தவள், உடனே நீக்க வேண்டியவள் என்று தன்னைப் பற்றி எழுதியிருந்த எதையும் அவள் படிக்கவில்லை. மேலே முதல் வரியையும், நகலில் இருந்த படத்தையும் மட்டும் பார்த்தாள். பதிவேட்டைத் திறந்து நிதானமாக 214 என்று எழுதினாள். புகார்மீது முத்திரை குத்தித் தலைவருக்குப் போகும் கோப்பில் தன் கையாலேயே வைத்தாள். அனார் கண்களை மூடிக்கொண்டாள்.

பிறகு புகாருக்கான ரசீதைப் புத்தகத்திலிருந்து கிழித்தெடுத்தாள். மூன்று தடவை திரும்பி வந்த அந்த உறையையும் அதோடு சேர்த்து, ஜன்னல் வழியே அவர் முன்னால் நீட்டினாள்.

"ரஷ்யாவுலேருந்து எப்ப வந்தீங்க, கெங்கேஷ் அண்ணே?"