வயலின் கேட்காத இடம்

ஞாயிற்றுக்கிழமை மேட்னி. இடைவேளை விட்டதும் ஜெயபாரதி கைப்பையோடு எழுந்தாள்.

"வீட்டுக்குப் போயிடலாங்க."

கணவர் பொன்ராஜ் பாப்கார்னிலிருந்து நிமிர்ந்தார். "இஸ்திரிப் பெட்டியை அணைக்காம வந்துட்டியா? ஒரு வாரமா நீ சரியாத் தூங்கலைன்னுதானே கூட்டிட்டு வந்தேன். இனிமேதான் கொலைகாரன் யாருன்னு காட்டப் போறான்!"

"ஜெயில்ல இருக்கிறானே, அவன் இல்லையா?"

"சேச்சே, அவன் அப்பாவி."

"சாட்சி, கத்தி, ரத்தக்கறை எல்லாம் அவனுக்கு எதிராத்தானே இருக்கு. எதை வெச்சுச் சொல்றீங்க?"

"அவன் முகத்தைக் காட்டும்போதெல்லாம் வயலின் வாசிக்கிறாங்களே, அது போதாதா?" என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. தி.நகரில் ஆட்டோ பிடித்து அடையாறு வந்தார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் மேஜை இழுப்பறையைத் திறந்து தாள்கட்டை வெளியே எடுத்தாள்.

"அதான் நேத்தே எழுதி முடிச்சிட்டியேம்மா?"

"குற்றவாளின்னுதான் எழுதியிருக்கேன். முதல்லேருந்து இன்னொரு தடவை படிச்சுப் பார்த்துடறேங்க. நாளைக்குக் காலையில தீர்ப்பு. என் கோர்ட்ல கூண்டுல நிக்கிறவனுக்கு யாரும் வயலின் வாசிக்கலை" என்றார் நீதிபதி ஜெயபாரதி.