கரூருக்கு நிலா வழியாக

சென்னையிலிருந்து கரூருக்கு நேராகப் போனால் கிரெடிட் கார்டு பாயிண்ட் மொத்தமும் ஒரே பயணத்தில் காலியாகிவிடும். நிலா, செவ்வாய்க் கிரகம் என்று சுற்றிக்கொண்டு போனால் பாதிதான். இறங்குகிற இடத்திலெல்லாம் சாப்பாடும் இலவசம். தங்கை மகனை மடியில் வைத்துக் காது குத்த வேண்டிய தாய்மாமன் வீரபாகு விடுவாரா? சுற்றிக்கொண்டே வந்து சேர்ந்தார்.

"பைசா செலவில்லம்மா!" என்றார் தங்கையிடம், பெருமை பிடிபடாமல்.

அதுவரை வேறு யார் மடியிலும் உட்காராமல் காத்திருந்த மருமகன், தாடியும் மீசையுமாக வந்து பொத்தென்று உட்கார்ந்தான். கையில் அவனுடைய குழந்தை.

மூச்சு முட்ட வீரபாகு கேட்டார்: "இவனுக்கு எப்பப்பா காதுகுத்து?"

"இவனோட தாய்மாமனும் பாயிண்ட்லதான் கெளம்பியிருக்காரு, மாமா. இப்ப வியாழன் கிரகத்துல ஓசி இட்லி சாப்பிட்டுக்கிட்டிருக்காராம்."